மூன்று நாள் தண்ணீர் வேண்டாம்

கேசரித் தட்டை ஏந்திக்கொண்டு என் மனைவி வசந்தா கூடத்தில் நிற்கிறாள். நெய் கொஞ்சம் கூடிப்போய்க் கிண்ணங்களின் ஓரத்தில் மினுங்குகிறது. தலைக்கு மேலே மின்விசிறி 'கிரீச் கிரீச்' என்று சுற்றுகிறது.

"ஊரு ஷட்டருக்கெல்லாம் கிரீஸ் போடுறீங்க. வூட்டு ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெ விடக் கூடாதா?" என்று அன்று காலையில்தான் ஏசியிருந்தாள். விடாமல் போனது என் தப்பு. பேச்சு நின்றுபோகும் போதெல்லாம் அந்தச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

எங்கள் மகள் அபிராமியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தஞ்சாவூரில் குடியிருக்கும் குடும்பம். மாப்பிள்ளை ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவருடைய அப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் என்னிடம் கேட்டார்.

"நீங்க என்ன உத்தியோகம் பாக்குறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வசந்தாவின் அண்ணன் முந்திக்கொண்டார். பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். நல்ல மனுஷர். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் எதையும் உள்ளபடி சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு. இருபது மரத்தை இருநூறு என்பார்.

"எங்க மாப்ள பாசன இலாகாவுல இருக்காருங்க. ஆத்துத் தண்ணி பூராவும் அவரு கண்ட்ரோல்தான்."

"அப்படியா! இன்ஜினியரா?"

"கிட்டத்தட்ட," என்றார் மச்சான்.

என் வாயில் கேசரி இருந்தது. விழுங்கினேன். விழுங்கிய பிறகாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் லஸ்கர். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் மதகு இருக்கும். மதகில் இரும்புப் பலகை இருக்கும். அதுதான் ஷட்டர். சாவி போட்டுத் திருகி அதை ஏற்றி இறக்குகிறவன் லஸ்கர். அவ்வளவுதான் வேலை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறியவனுக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்தது.

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால், அதற்கு முந்திய வரன் தட்டிப்போனது இதனால்தான். "ஷட்டர் திருகுறவரு பொண்ணா?" என்று தரகரிடம் கேட்டார்களாம். அதோடு சரி. அபிராமி பி.காம். படித்தவள். மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் பேச்சு அவள் காதுக்கும் போய்விட்டது.  அன்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அக்கா வந்துட்டாங்க," என்றார் ஆசிரியர், வாசல் பக்கம் பார்த்து.

மாப்பிள்ளைக்கு அத்தை. வயலை ஒரு நடை பார்த்துவிட்டு ஊரிலிருந்து தனியாக பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாராம். வாசலில் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. முகத்தைப் பார்ப்பதற்கு முன் நான் காலைத்தான் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே சேறு காய்ந்து சாம்பல் பூத்திருந்தது. எங்கள் வாய்க்காலின் கடைசி ஊர் ஆலடிக்கோட்டகம். அந்த ஊர்க் களிமண் காய்ந்தால்தான் அப்படிச் சாம்பலாக நிற்கும்.

நிமிர்ந்து பார்த்தேன். தனலெட்சுமி அக்கா.

என் கையிலிருந்த கரண்டி கிண்ணத்தில் விழுந்தது.

குடத்துத் தண்ணீர்

தனலெட்சுமி அக்கா யார் என்று சொல்ல ஆறேழு ஆவணி பின்னால் போக வேண்டும்.

அந்த வருஷம் எங்கள் ஊர் சிவன் கோயில் திருவிழாவின் கடைசி நாள் தீர்த்தவாரி. சாமியின் சூலமான அஸ்திரதேவரைக் குளத்துக்கு எழுந்தருளப் பண்ணி, மூன்று முழுக்குப் போட வைப்பார்கள். அவரோடு சேர்ந்து ஊரே முழுகும். அதற்கு முந்தின வருஷம் குளம் வறண்டுபோய், படிக்கட்டில் நின்று குடத்துத் தண்ணீரை ஊற்றித்தான் தீர்த்தவாரியை முடித்தார்கள். அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவன் இருக்கிறேன், என் சாமிக்குக் குடத்துத் தண்ணீரா?

"இந்த வருஷமும் குடம்தானா, கலியபெருமாள்?" என்று குருக்கள் தீர்த்தவாரிக்கு முதல் நாள் என்னிடம் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

குளத்துக்கு வாய்க்கால் கரையிலிருந்து ஒரு குழாய் போகிறது. அதைப் போட்ட புண்ணியவான் கொஞ்சம் உயரத்தில் போட்டுவிட்டார். வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போனால்தான் குளத்துக்குள் இறங்கும். ஆற்றில் அப்போது தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சாவியைப் போட்டு நாலு சுற்று ஏற்றினால் போதும்.

ஆனால் இரண்டு நாள் முன்பே ஆலடிக்கோட்டகத்திலிருந்து எனக்குச் சொல்லியிருந்தார்கள். "விதைக்கிறோம் லஸ்கரே. மூணு நாளைக்கு எங்களுக்குத் தண்ணி வேண்டாம்."

சம்பாவுக்கு இப்போதெல்லாம் நாற்றுவிட்டு நடுகிறவர்கள் குறைவு. முளைகட்டிய விதையைச் சேற்றிலேயே நேராக விதைத்துவிடுகிறார்கள். விதைத்த மூன்று நாள் வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது. முளை மூச்சு விட வேண்டும். அதனால் வடிய விட்டிருப்பார்கள். வாய்க்கால் நிரம்பி ஓடினால், வடிகிற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் வயலுக்கே திரும்பும்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தெரியும். ஒரு பொழுதுதானே, சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஷட்டருக்குச் சூடம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாலு சுற்று ஏற்றினேன்.

மறுநாள் காலையில் குளம் ஏழாம் படிவரை நிறைந்து கிடந்தது. குருக்கள் என்னைக் கைகாட்டி எல்லாருக்கும் சொன்னார். அஸ்திரதேவரோடு நானும் மூன்று முழுக்குப் போட்டேன். கரையேறி விபூதி வாங்கிப் பூசிக்கொண்டபோது, ஜென்மம் கடைத்தேறியது என்றே நினைத்தேன்.

படிக்கட்டில் வைத்திருந்த செல்போன் அடித்தது.

"லஸ்கரே, வயல்ல தண்ணி ஏறி நிக்கிது. நேத்துதான் விதைச்சேன். மேல எவனாச்சும் ஷட்டர் பூட்ட ஒடைச்சுட்டானா பாருங்க!"

தனலெட்சுமி அக்காவின் குரல்.

ஈர வேட்டி

நேராக மதகுக்குப் போய் ஷட்டரை இறக்கினேன். பிறகு மொபெட்டை எடுத்தேன். மூன்றாம் வாரம் எழுதினேனே, தள்ளினால்தான் கிளம்பும் என்று, அதே மொபெட்தான். அன்று முதல் உதையிலேயே கிளம்பியது. போகாமலிருக்க அதுகூட எனக்கு ஒரு சாக்குக் கொடுக்கவில்லை.

ஒன்பது கிலோமீட்டர். அக்கா வரப்பில் நின்றிருந்தார், புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு. மூன்று மா ஒரு ஏக்கர். புருஷன் போன பிறகு ஐந்து மா நிலத்தைத் தனியாகச் செய்கிறவர். ஐந்து மாவும் குளமாகக் கிடந்தது.

"யாரு வேல இது?" என்றார். "மேல் ஊர்க்காரனுங்கதானே? பூட்ட ஒடைச்சுட்டானுங்களா?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். மேல் ஊர்க்காரர்கள் பூட்டை உடைப்பது புதிதல்ல. யாரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாமி முழுகிய தண்ணீர் என் வேட்டியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வேட்டியோடு நின்று பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நான்தான்க்கா ஏத்தினேன். தீர்த்தவாரிக்குக் கொளத்துக்கு விட்டேன்."

அக்கா என் வேட்டியைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார்.

"ஏன்யா, சாமியக் குளிப்பாட்ட எம் புள்ளைங்கள முக்கிட்டியேய்யா!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்தச் சாமிய்யா கேட்டுச்சு? ஒங்கிட்ட நேருல வந்து கேட்டுச்சா? சொல்லுய்யா!"

கேட்கவில்லை. அது உண்மை. நஞ்சையே வாங்கிக் குடித்தவன் ஈசன். குடத்துத் தண்ணீரைக் குளியலென்று ஏற்றுக்கொள்ள மாட்டானா? எனக்குத்தான் அது கௌரவக் குறைச்சலாக இருந்தது. என் கௌரவத்தைத்தான் நாலு சுற்று ஏற்றினேன். பக்தி என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

வடிகால் முழுக்கக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. அதை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் இறங்கும். அரிவாள் வாங்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கினேன். கொஞ்ச நேரம் கரையில் நின்று திட்டிக்கொண்டிருந்த அக்கா, பிறகு தானும் ஓர் அரிவாளோடு இறங்கினார்.

"பாத்துய்யா. நீ முழுகிட்டா ஷட்டர எவன் எறக்குறது?" என்றார்.

மறுநாள் மத்தியானம்தான் தண்ணீர் வடிந்தது. மூன்று மாவில் முளை பிழைத்துக்கொண்டது. இரண்டு மாவில் விதை அழுகிப் புளித்த கஞ்சி வாடை அடித்தது. அந்த வாடை இப்போதும் சில நாள் சோற்றுப் பானையைத் திறக்கும்போது எனக்கு மட்டும் அடிக்கும்.

மேல் ஊர்களில் சிலர் இன்னும் நாற்றுவிட்டு நடுகிறவர்கள். நட்டு முடித்த பிறகு மிச்ச நாற்று வரப்பில் கிடக்கும். கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. மொபெட்டில் வீடு வீடாகப் போனேன். முதலில் ரகத்தைக் கேட்டேன். அக்கா விதைத்த அதே ரகமாக இருந்தால்தான் எடுத்தேன். ரகம் மாறினால் ஒரே வயலில் ஒன்று பழுத்து நிற்கும், ஒன்று பச்சையாக நிற்கும். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படித் தேடி, பின் சீட்டில் முடி முடியாக, சிறு கட்டுகளாகக் கட்டிக்கொண்டு போய் இறக்கினேன். அக்கா ஆள்விட்டு இரண்டு மாவையும் நட்டார்.

ரோட்டிலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரி இருந்தது வயல். நட்ட நாற்று பத்து நாள் மூத்தது. ஆனால் பிடுங்கி நட்ட அயர்வில் அந்தப் பத்து நாளும் கழிந்து, கார்த்திகையில் இரண்டும் ஒன்றாகவே கதிர்விட்டன. அந்தக் கணக்கை எந்த இன்ஜினியரும் போடவில்லை. பகவான் போட்டார்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு படி புது அரிசியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஒனக்கில்ல. சாமிக்குப் பொங்க வைய்யி. தண்ணி கேட்ட சாமிதானே, சோறும் திங்கட்டும்."

மதகுச் சுவர்

அதற்குப் பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, குருக்களிடம் சொல்லி வைத்தேன். "தீர்த்தவாரிக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க சாமி. விதைப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள கொளத்த நெரப்பிடுவோம்." அன்றிலிருந்து குடம் தேவைப்படவில்லை.

இன்னொன்று, மதகின் கைப்பிடிச் சுவரில் சாக்கட்டியால் எழுத ஆரம்பித்தேன். எந்த ஊரில் விதைப்பு, எத்தனை நாள் தண்ணீர் வேண்டாம், எந்த ஊரில் களை எடுக்கிறார்கள், யாருக்கு அவசரம். எல்லாவற்றையும் என் மனசிலேயே வைத்து நானே முடிவு செய்யலாம் என்ற மமதை அந்த இரண்டு மாவோடு அழுகிப்போயிருந்தது.

முதலில் நான் மட்டும் எழுதினேன். பிறகு மதகுப் பாலத்தில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களே எழுதினார்கள். சுவரோரம் ஒரு தேங்காய் ஓட்டுக்குள் சாக்கட்டி வைத்திருப்பேன், தீர்ந்தால் யாராவது வாங்கி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் தண்ணீர் வந்தால் ஆறு கொடுத்தது, வராவிட்டால் லஸ்கர் கொடுக்கவில்லை. அதுதான் ஊர்ப்பேச்சு. இப்போது மேல் ஊர்க்காரர் ஒருவர் சுவரைப் படித்துவிட்டு, "கடைமடையில இன்னைக்கு வெதக்கிறாங்களாம். நமக்கு நாளைக்கு விட்டாப் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்காமலே சொன்னார். நாலைந்து வருஷமாக யாரும் பூட்டை உடைக்கவில்லை.

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் ஆபீசுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் அதே சாவியோடு அதே மதகில் நிற்கிறேன். மனசு சுணங்குகிற நாளில், மழையில் அழிந்த எழுத்தை மறுபடி எழுதுவேன். எழுதி முடிக்கும்போது சுணக்கம் போயிருக்கும். இதற்குமேல் விளக்கிச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

லஸ்கரை மாத்திட்டாங்களா?

கூடத்துக்கு வருகிறேன்.

தனலெட்சுமி அக்கா உள்ளே வந்து உட்கார்ந்தார். வசந்தா தண்ணீர் கொடுத்தாள். அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அக்கா, இவருதான் பொண்ணோட அப்பா," என்றார் ஆசிரியர். "பாசன இலாகாவுல இன்ஜினியர்."

"கிட்டத்தட்ட," என்றார் மச்சான் மறுபடியும்.

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பையும் அதிலேயே துடைத்திருக்க வேண்டும். "அப்படிங்களா? எந்த ஊருல இன்ஜினியரு?" என்றார் என்னைப் பார்த்து. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கிரீச். கிரீச்.

சமையலறைக் கதவோரம் அபிராமியின் புடவை நுனி தெரிந்தது. இன்னும் அவள் வெளியே வரவில்லை. காபித் தட்டோடு காத்திருந்தாள். நான் இப்போது உண்மையைச் சொன்னால், அவள் வெளியே வருவதற்குள் இவர்கள் எழுந்துகொண்டாலும் எழுந்துகொள்வார்கள். சொல்லாவிட்டால் அக்கா சொல்லக்கூடும். அக்காவும் சொல்லாவிட்டால், என் மகள் காலத்துக்கும் ஒரு 'கிட்டத்தட்ட'வைச் சுமந்துகொண்டு அந்த வீட்டில் வாழ வேண்டும்.

"மன்னிச்சுக்கங்க," என்றேன். எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. "நான் இன்ஜினியர் இல்லீங்க. லஸ்கர். ஷட்டர் திருகுறவன். மச்சான் எங்க மேல உள்ள பாசத்துல சொல்லிட்டாரு. நான் உடனே மறுத்திருக்கணும். தப்பு என்மேலதான். இந்த அக்காவுக்கு என்னைத் தெரியும். ஒரு தடவை இவங்க வயல முக்கியிருக்கேன்."

மச்சான் கேசரிக் கிண்ணத்துக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்.

"ஒக்காருய்யா," என்றார் அக்கா. "இன்ஜினியர்னு தம்பி சொன்னதும் எனக்குப் பயமாப் போச்சு. நம்ம லஸ்கர மாத்திப்புட்டானுங்களா, இனி எவன் வந்து மதகுல நிக்கப்போறானோன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆசிரியர் சிரிக்கவில்லை.

"வேலையில ஒண்ணுமில்லீங்க," என்றார் மெதுவாக. "எங்கப்பா கூலிக்கு நடவு நட்டவரு. ஆனா முதல் பேச்சுலயே ஏங்க மறைக்கணும்?"

 அபிராமி காபி கொண்டு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்து "தேங்க்ஸ்" என்றார். "ஊருக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்றோம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்த வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் மச்சான் வெடித்தார். "அரிச்சந்திரன் வூட்டுல பொண்ணு எடுக்க எவன் வருவான்? ஒரு முகூர்த்தம் முடியிற வரைக்கும் வாய மூடிட்டு இருக்கக் கூடாதா?"

"நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா, அவரு மூடவே வேண்டியதில்லையேண்ணே," என்றாள் வசந்தா.

அபிராமி கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்த அத்தை வயல்லதான் நீங்க நாத்துக் கொண்டுபோயி எறக்கினீங்களா? பத்து நாளா உங்க சட்டையெல்லாம் சேறா இருந்துச்சே?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று ராத்திரி நாலு இட்லி சாப்பிட்டாள்.

நாலாம் நாள்

மூன்று நாள் ஒரு செய்தியும் இல்லை. காலையில் சிவன் கோயிலுக்குப் போய் நின்றேன். இதைக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. "அவ முகம் வாடாம பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

நாலாம் நாள் மதகில் லுங்கியும் பனியனுமாக ஷட்டர் தண்டுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. ஆசிரியர் இறங்கினார். தனியாக வந்திருந்தார். எனக்குச் சட்டையைத் தேடவும் நேரமில்லை.

அவர் என்னிடம் வரவில்லை. சுவரிடம் போனார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு வரி விடாமல் படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஆலடிக்கோட்டகம். நாளையோட முடியுதுன்னு போட்டிருக்கு. அக்கா வயலா?"

"ஆமாங்க. வெதச்சிருக்காங்க. நாளான்னிக்குத்தான் தண்ணி விடணும்."

"ம்." மறுபடி கொஞ்ச நேரம் படித்தார். பிறகு என் கிரீஸ் கையைப் பார்த்துவிட்டு, "இங்க காபி எங்க நல்லாருக்கும், சம்பந்தி?" என்றார்.

கையைத் துடைக்கத் துணி தேடினேன். கிடைக்கவில்லை. பனியனிலேயே துடைத்துக்கொண்டு அவரோடு நடந்தேன்.

கல்யாணம் அடுத்த ஆவணியில் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு அப்போதுதான் சேர்ந்தாற்போல் லீவு. பத்திரிகை அடிக்கும்போது என் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று அச்சகத்தில் கேட்டார்கள். மச்சான்தான் முந்திக்கொண்டார். "லஸ்கர்னு போடுங்க. பெரிய எழுத்துல போடுங்க," என்றார். அவர் எதைச் சொன்னாலும் பெரிதாகத்தான் சொல்வார்.

எனக்கு ஒரே கவலை. ஆவணி என்றால் எல்லா ஊரிலும் விதைப்பு, நடவு. தண்ணீருக்குப் பறக்கிற மாசம். பக்கத்து மதகு லஸ்கர் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாவம், அவரிடம் ஏற்கெனவே இரண்டு மதகு இருக்கிறது. செவ்வாய் நலங்கு, புதன் முகூர்த்தம், வியாழன் மறுவீடு. மூன்று நாள் நான் அங்கே இல்லாமல் எப்படி?

திங்கட்கிழமை மாலை, சாவியை அவரிடம் கொடுப்பதற்கு முன் சுவரைப் பார்க்கப் போனேன். யாருக்கு என்ன தேவை என்று அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

வாய்க்காலில் உள்ள ஐந்து ஊரும் எழுதியிருந்தன. முதல் ஊர்: செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். இரண்டாவது ஊர்: செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாள் தண்ணீர் வேண்டாம். மூன்றாவதும் நாலாவதும் அதே. எழுத்து மட்டும் வேறு வேறு.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஐந்து ஊரும் ஒரே நாளில் விதைக்க வழியே இல்லை. முதல் ஊரில் நட்டுப் பதினைந்து நாள் ஆகிறது, நான் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். பிறகுதான் அந்தக் கிழமைகளை மறுபடி படித்தேன். எங்கள் வீட்டு நலங்கு, முகூர்த்தம், மறுவீடு.

கடைசியில் ஆலடிக்கோட்டகம். சாய்ந்த பெரிய எழுத்து. அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர்களும் அதே மூன்று நாளைத்தான் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி.

"மூணு நாள்தான். நாலாம் நாள் வந்துரணும்யா."

வெள்ளிக்கிழமை விடியும்போது மதகில் இருந்தேன். நகத்திலிருந்து நலங்கு மஞ்சள் இன்னும் போகவில்லை. சூடம் காட்டிவிட்டுச் சாவியைப் போட்டேன்.